என் வீட்டு எண் விழுந்தது

என் மனைவியின் வலது உள்ளங்காலில் ஒரு புண் இருந்தது. அதை முதலில் அறிந்தவள் அவள். இரண்டாவதாக அறிந்தவர், எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்துபோன ஓர் ஆராய்ச்சியாளர். முப்பத்தொரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்திய நான் மூன்றாவது ஆள். நடுவில் ஐந்து மாதம் போயிருந்தது.

இதை எழுதப் பல தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எங்கிருந்து தொடங்கினாலும் நான் நல்லவனாகத் தெரிகிற மாதிரியே வாக்கியம் வந்து விழுந்தது. இந்தத் தடவை வருகிறபடி எழுதிவிடுகிறேன்.

நான் அரசாங்கப் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன். குஜிலியம்பாறை, எரியோடு பக்கத்து மானாவாரிக் காடுகளில் அறுவடைக் காலத்தில் போய், வயலில் ஒரு சதுரத்தை அளந்து, முளைக்குச்சி அடித்து, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடைபோட வேண்டும். எந்த வயல் என்று நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அச்சடித்த எண் அட்டவணை ஒன்று உண்டு. அதில் எந்த எண் விழுகிறதோ அந்த வயல்தான். போய்ப் பார்த்தால் பாதிப் பயிர் காய்ந்து கிடக்கும். பக்கத்து வயல் செழிப்பாக இருக்கும். ஆனாலும் மாற்றக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொன்ன விதி அது ஒன்றுதான். ஓய்வுபெறுகிறவரை நான் ஒரு வயலைக்கூட மாற்றியதில்லை.

என் மனைவி இரண்டாம் வகுப்பு ஆசிரியை. காலையில் போனால் மாலை வரை நின்றபடியே பாடம் நடத்துவாள். உடம்பு கனத்தவள். பிள்ளைகள் அவளை 'குண்டு டீச்சர்' என்றுதான் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும். அவள் காதில் விழுந்தால் சிரிப்பாள். "அதுங்க பாசமாச் சொல்லுதுங்க" என்பாள்.

நான் அப்படியெல்லாம் சொன்னவன் அல்ல. ஒரு நாள்கூட அவளைத் திட்டியதில்லை. எண்ணுவேன், அவ்வளவுதான். அவள் தட்டில் ஐந்தாவது இட்லி வந்ததும் "அஞ்சு" என்பேன். சத்தம் போட்டு அல்ல, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். சாப்பிடுகிறவர்களின் தட்டை எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். என் அம்மா யாருக்குப் பரிமாறினாலும், ஏழாவது தோசையை வைக்கும்போதும் "ஒன்னே ஒன்னு" என்றுதான் சொல்வாள். படித்தவன் என்பதால் நான் அதையெல்லாம் மதிக்கவில்லை. என் மனைவியின் அம்மா சர்க்கரை வியாதியில் போனவர். அண்ணனுக்கும் அது இருந்தது. வந்த பிறகு மாத்திரை விழுங்குவதைவிட வருவதற்கு முன் தடுப்பது மேல் என்று பத்திரிகைகளில் எழுதியிருந்ததைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். அது காலண்டருக்குப் பின்னால் போயிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. வேளாங்கண்ணி போவதற்காகத் திண்டுக்கல் ஜங்ஷனில் திருச்சி ரயிலுக்குக் காத்திருந்தோம். நடைமேடையில் சிவப்பு விளக்கு சுழலும் எடை மெஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். நான் ஏறி இறங்கினேன். பிறகு அவளை ஏறச் சொன்னேன். வேண்டாம் என்றாள். "ஏறு, சும்மா பார்ப்போம்" என்றேன். ஏறினாள். அட்டையை எடுத்தது நான்.

"எண்பத்தொன்பது" என்று வாசித்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த குடும்பம் நிமிர்ந்து பார்த்தது. அந்த வீட்டுக்காரர் எங்களுக்கு ஆறுதலாக, "இந்த மெஷின் எல்லாம் கூடத்தான் காட்டும் சார்" என்றார்.

"இல்லைங்க. என் எடை எனக்குத் தெரியும். சரியாத்தான் காட்டுது" என்றேன்.

அவள் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். "பின்னாடி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்குப் பின்னாடி?"

"கார்டுக்குத்தான்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அட்டை எங்கே போனது என்று தெரியவில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தது எட்டு மாதம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. கல்லூரியில் வேலை பார்த்த ஒரு பழக்கக்காரர், வெளியூரிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறார், வீடுகளை முறையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார் என்று சொல்லி அனுப்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் அறை எடுத்திருந்தார். பதினேழு படி. அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மனசுக்கும் உடம்பின் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் படித்தவர். பருமனாக இருப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி.

"எடையைக் குறைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க சார். டாக்டர் சொல்றாரு, வீட்ல சொல்றாங்க. அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற ஆளு என்ன செய்யறாரு? அதை யாரும் போய்ப் பாக்கல" என்றார்.

"என்ன செய்வாங்க? போய்ச் சாப்பிடுவாங்க."

அவர் சிரித்தார். "அதேதான். அது ஏன்னுதான் எனக்குத் தெரியணும்."

இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று எனக்குத் தோன்றியது. ஒரு தராசும் கொஞ்சம் வைராக்கியமும் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் வேலை முறையாக இருந்தது. எண் அட்டவணையைத் திரும்பவும் கையில் எடுத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஊரில் சில தெருக்கள், சுற்றிலும் சில கிராமங்கள். வீடு வீடாக எடை மெஷினோடு போனோம். அவர் தனியாக உட்கார்ந்து பேசுவார். நான் வெளியே நிற்பேன்.

வயல்காட்டு நாட்களில் விவசாயிகள் விளைச்சலைக் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இப்போது குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு தகப்பன், "நாலு கிலோ சேத்துப் போடுங்க சார். பொண்ணு பாக்க வாராங்க. நோஞ்சான்னு தள்ளிட்டுப் போயிருவாங்க" என்றான். எரியோட்டில் ஒரு கிழவி, வந்திருப்பவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனசைப் பற்றிப் படித்தவர் என்று தெரிந்ததும், "மனசுக்கும் எடை பாப்பியா தாயி?" என்று கேட்டாள். "பாக்கத்தான வந்திருக்கேன்" என்றார் இவர். "அப்ப எம் மருமகளத மொதல்ல பாரு. மெஷினு ஒடஞ்சாலும் ஒடஞ்சிரும்."

ஊருக்குள் ஒரு பிரியாணிக் கடைக்காரர். வாசலில் நின்ற என்னிடமே வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இது தொழிலுக்கு வேணும் சார். ஒல்லியா இருக்கவன் கடையில எவன் வந்து சாப்பிடுவான்?" ஆனால் உள்ளே போய் ஆராய்ச்சியாளரிடம் அவர் பேசியது வேறு. வெளியே வந்ததும் ஆராய்ச்சியாளர் அதை நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். யாரிடமும் சொல்லலாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டதால் என்னிடமும் சொன்னார். அந்த மனிதருக்குக் காதில் வலி. நாலு வருடமாக எந்த டாக்டரிடமும் போகவில்லை. கடைசியாகப் போனபோது டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன் மெஷினில் ஏறச் சொல்லி, வரிசையில் இருந்தவர்கள் முன்னால் பேசினாராம்.

"காதுவலிக்கு வந்தவரை எடை போட்டு அனுப்பியிருக்காங்க. இவரு இனி நெஞ்சுவலி வந்தாலும் போக மாட்டாரு" என்றார்.

"அவரு நல்லதுக்குத்தான சொல்லியிருக்காரு" என்றேன் நான்.

"நல்லதுக்குத்தான் சார் எல்லாரும் சொல்றாங்க."

எங்கள் தெருவுக்கு எண் எடுத்தபோது, மூன்றாவதாக என் வீட்டு எண் விழுந்தது. அட்டவணையைத் திரும்ப ஒரு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"சங்கடமா இருக்கும் சார். அடுத்த எண்ணை எடுத்துக்கலாமே" என்றார்.

"விழுந்ததை மாத்தக் கூடாதும்மா" என்றேன்.

விதிக்காகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது. படித்த பெண் ஒருத்தி நேரில் வந்து நாலு வார்த்தை சொன்னால் இவள் கேட்பாள் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார். நான் தெருமுனைக் கடையில் பேப்பர் படித்தேன். இரண்டு தடவை வீட்டு வழியாக நடந்தேன். ஒரு தடவை என் மனைவியின் சிரிப்பு கேட்டது. ஒரு மணி இருபது நிமிடம் கழித்து அவர் போன பிறகு உள்ளே வந்தேன். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"நல்ல பொண்ணுங்க. முள்ளு எனக்குத் தெரியாம மெஷின் மேல ஒரு துண்டப் போட்டுட்டா. அவ மட்டும் குனிஞ்சு பாத்து எழுதிக்கிட்டா. வாயத் தொறந்து சொல்லல."

"எவ்வளவு?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்ல?"

அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு போன் வர ஆரம்பித்தது. நான் எடுத்தால், "டீச்சர் இருக்காங்களா சார்?" என்பார். இவள் தாழ்ந்த குரலில் பேசுவாள். "பாஸ்கா, ஈஸ்டர் எல்லாம் முடியட்டும்மா" என்பாள். அப்புறம் "பரீட்சை முடியட்டும்" என்றாள். ஆராய்ச்சிக்கு ஏதோ மிச்சம் கேட்கிறார் என்று நினைத்தேன். ஏழு தடவை. ஒரே கேள்வியை ஏழு தடவையா கேட்பார்கள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அந்த நாட்களில் அவள் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடந்தாள். தரை சில்லிடுகிறது என்றாள். சித்திரை மாதம். திண்டுக்கல் வெயிலில் மொட்டை மாடி கொதிக்கிற மாதம். இட்லியை எண்ணிய நான் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

பள்ளிகள் திறந்த சமயம் என்று நினைவு. ஆராய்ச்சி முடிகிற கட்டத்தில், பூட்டுக் கடை மாடியில் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் படிவத்தை அவர் முன்னமே தனியாக எடுத்து வைத்திருந்தார். மற்றவற்றை நான் வரிசைப்படுத்த வேண்டும். அவற்றோடு, மக்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்த சில பக்கங்களும் இருந்தன. பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. பக்க எண் மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"அவரு திட்ட மாட்டாரு. எண்ணுவாரு. அஞ்சுன்னு சொன்னதும், வயிறு நெறஞ்சிருந்தாலும் எனக்கு ஆறாவது வேணும்னு இருக்கும். அவரு எந்திரிச்சுப் போன பெறகு அடுப்படியில நின்னுக்கிட்டே திம்பேன். அது கணக்குல வராதுல்ல."

அதற்குக் கீழே: "ரயில் ஸ்டேஷன்ல கார்டு விழுந்துச்சு. பின்னாடி என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அதற்கும் கீழே: "கால்ல ஒரு புண்ணு. பல மாசமா ஆற மாட்டேங்குது. டாக்டர்ட்ட போனா இவரும் கூட வருவாரு. மெஷின் முள்ளப் பாத்து வாசிப்பாரு. அதுக்குப் புண்ணே தேவல."

எதிர் மேசையில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு முன்னமே தெரியும்."

"தெரியும் சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"விழுந்ததை மாத்தக் கூடாதுன்னு உங்களுக்கு ஒன்னு இருக்கிற மாதிரி, எனக்கும் ஒன்னு இருக்கு சார். என்கிட்டச் சொன்னதை நான் வெளிய சொல்ல முடியாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு டீச்சர் சத்தியம் வேற வாங்கிட்டாங்க. நானே கூட வாரேன்னேன். டாக்டர்கிட்ட மெஷினே வேண்டாம்னு சொல்றேன்னேன். இந்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே போனாங்க."

அந்தப் பக்கத்தை அவர் மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவள் அன்று பள்ளியிலிருந்து வந்து, நோட்டுக்கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் என நினைத்திருந்தேன். எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"எத்தனை நாளா இருக்கு?"

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அதையும் எண்ணணுமா உங்களுக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு, கருத்து, ஆழமாக. அவளுக்கு வலிக்கவே இல்லையாம். வலி இல்லாததால்தான் தள்ளிப்போட்டேன் என்றாள். அதுதான் சர்க்கரை வியாதியின் வேலை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை எக்கச்சக்கம். இரண்டு வாரம் உள்ளே வைத்து மருந்து கட்டினார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். அவள் கேலி பேசுவதை விடவில்லை. "எட்டுதான் பாக்கி. நீங்களே எண்ணிக்குங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தோம். நான் எண்ணுவதை நிறுத்தினேன். அதாவது வாயால் நிறுத்தினேன். ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "உங்க உதடு அசையுது" என்றாள்.

ஐப்பசி மழையில் அந்தக் கால் திரும்ப வீங்கியது. இந்தத் தடவை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர் வந்து வயது கேட்டார், மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். பிறகு, "எடை எவ்வளவு?" என்றார். அளவு பார்த்து மருந்து கொடுக்க அது வேண்டுமாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க."

நின்றேன். வராந்தாவில் மழைத்தண்ணீர் அடித்தது. கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்தாள். "சாப்பிட்டு வந்து உக்காருங்க. நேரமாகும்" என்றாள். நான் சாப்பிடப் போகவில்லை. அறுவை நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூப் போட்டன. அதில் ஒன்று வரிசையை விட்டு விலகி வந்து, "குண்டு டீச்சர் எப்ப எந்திரிப்பாங்க?" என்று என்னைக் கேட்டது.

ஒரு மாதம் கழித்து ஆராய்ச்சியாளர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தன் அறிக்கையில் சில விஷயங்களை எழுதுவதாகச் சொன்னார். ஒருவரை எடை பார்ப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், பிறர் முன் வாசிக்கக் கூடாது, வந்த நோயை முதலில் பார்க்க வேண்டும். நோயைத் தடுப்பது என்பது ஆள் கதவைத் தட்டி வந்தால்தானே நடக்கும், வர விடாமல் செய்துவிட்டு எதைத் தடுப்பது என்றார். பிறகு தயங்கி, "உங்க வீட்டுப் படிவத்தை எடுத்துடறேன் சார். ஒன்னு குறைஞ்சாப் பரவாயில்ல" என்றார்.

"எடுக்காதீங்க."

"சார்..."

"விழுந்ததை எடுக்கக் கூடாது. இருக்கட்டும்."

பூட்டுக் கடை மாடியில் போய் உட்கார்ந்து மொத்த அட்டவணையையும் நான்தான் முடித்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டு வரிசையில் வயதை நான் எழுதினேன், படிப்பை எழுதினேன். எடைக்கான கட்டம் வந்தபோது அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒட்டினார். அந்தத் தாளை நான் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு அம்மாவின் உடல்வாகு. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். மோட்டாரை நிறுத்த வேண்டும், கேட்டைப் பூட்ட வேண்டும், ஏதாவது சொல்வேன். "மாமாவுக்கு நம்ம கூட உக்காந்து சாப்பிடப் புடிக்கல போல" என்று மருமகன் சொன்னது ஒரு தடவை காதில் விழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, அவர்கள் இட்லிக்கு உட்கார்ந்ததும் நான் வாசற்படிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மகள் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள போம்மா. வெயிலு" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. பாக்காதீங்கன்னு சொல்லல. வாயத் தொறக்காதீங்க, அம்புட்டுத்தான்."

சாப்பிட ஆரம்பித்தாள். நான் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்னி நன்றாக இருக்கிறது, அம்மா வைக்கிற மாதிரி வந்திருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன். முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

எத்தனை சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.